ஒரு புள்ளியின் விலை

தமிழ்த்துறையின் ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று தரவேண்டுமெனத் துறைத் தலைவர் அன்புடன் பணித்தார். ஓய்வு பெற்ற தமிழாசிரியன் இலக்கியம் பற்றியே எழுதுவான் என்பது அவரது எதிர்பார்ப்பாக இருந்திருக்கும். முப்பத்திரண்டு ஆண்டுகள் இக்கல்லூரியின் வகுப்பறைகளில் நான் செய்துவந்ததும் அதுவே. ஆயினும் இம்முறை, என் எழுதுமேசையின் மேல் கிடக்கும் இரண்டு தாள்களைப் பற்றி எழுதத் துணிந்தேன். ஒன்று, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வாழும் என் மகனுடைய மகிழுந்துக்குரிய பழைய காப்பீட்டு அறிவிப்பின் படி. மற்றொன்று, திருச்சிராப்பள்ளியில் என் வீட்டு வாயிலில் நிற்கும் மகிழுந்தின் காப்பீட்டுப் பத்திரம். முதல் தாள் மகனைத் தவறு செய்தவன் என்கிறது. இரண்டாம் தாள் தந்தையைத் தவறு செய்யாதவன் என்கிறது. இவ்விரு தாள்களில் எது உண்மை பேசுகிறது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

சிவப்பு விளக்கருகே

2017 அக்டோபரில் நானும் என் துணைவியாரும் மகனுடன் சில மாதங்கள் தங்கிவரப் பிரீமாண்ட் நகருக்குச் சென்றோம். நவம்பர் மாதத்தில் ஒருநாள் பகலில் மகன் வண்டியை ஓட்ட, நான் அருகில் அமர்ந்திருந்தேன். அந்நாட்டில் வண்டிகள் சாலையின் வலப்பக்கமாகச் செல்லும். ஆகவே, சிவப்பு விளக்கு எரியும்போதும், தடை அறிவிப்பு இல்லாத சந்திப்புகளில் வலப்புறம் திரும்புவதற்குச் சட்டம் இடங்கொடுக்கிறது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கோட்டின் முன் வண்டி முற்றிலும் நிற்க வேண்டும்; நடந்து கடப்போருக்கும் பிற வண்டிகளுக்கும் வழிவிட வேண்டும்; அதன் பின்னரே திரும்ப வேண்டும்.

என் மகன் வேகத்தைக் குறைத்தான், இருபுறமும் பார்த்தான், ஆனால் நிற்கவில்லை. சக்கரங்கள் உருண்டுகொண்டிருக்கும்போதே வலப்புறம் திரும்பிவிட்டான். இவ்வாறு நிற்பது போல நின்று நிற்காமற் செல்வதற்கு அம்மாநிலத்தாரே 'கலிபோர்னியா நிறுத்தம்' என்று கேலிப்பெயர் இட்டிருக்கின்றனராம். சிறிது தொலைவு சென்றதும் காவல்துறை வண்டியொன்று விளக்குகளைச் சுழற்றிக்கொண்டு எங்கள் பின்னே வந்தது.

மகன் ஓரமாக வண்டியை நிறுத்தினான். நம் ஊர்ப் பழக்கத்தில், இறங்கிச் சென்று இரண்டு வார்த்தை பேசிப் பார்க்கலாம் என்று நான் கதவின் பிடியில் கை வைத்தேன். அவன் என் கையைப் பற்றி, "இறங்காதீர்கள் அத்தா. இங்கே அப்படி இறங்கிச் செல்வது ஆபத்து" என்றான். காவலர் வந்தார், மரியாதையுடன் பேசினார், உரிமத்தையும் காப்பீட்டுச் சான்றையும் வாங்கிப் பார்த்தார், தாளொன்றில் கையொப்பம் பெற்றுக்கொண்டு போய்விட்டார்.

"ஒருவரும் குறுக்கே வரவில்லையேப்பா! இதற்கா தண்டனை?" என்றேன்.

"யாரும் வராதது என் நல்ல காலம் அத்தா. நிற்காதது என் தவறு" என்றான்.

புள்ளிகளின் கணக்கு

சில வாரங்களில் நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்தது. கட்டவேண்டிய தொகை இருநூறு டாலருக்கு மேல். அத்தொகையைக் காட்டிலும் அவனை வருத்தியது வேறொன்று. "பணம் ஒருமுறை கட்டினால் முடிந்துவிடும். புள்ளி விழுந்தால் மூன்றாண்டு கூடவே வரும்" என்றான். அப்புள்ளி என்னவென்று அன்றிரவு அவன் எனக்கு விளக்கிச் சொன்னதை இங்கே சுருக்கித் தருகிறேன்.

அம்மாநில மோட்டார் வாகனத் துறை ஒவ்வோர் ஓட்டுநருக்கும் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. சிவப்பு விளக்கை மீறுதல், வரம்பு கடந்த வேகம் போன்ற குற்றங்களுக்கு ஒரு புள்ளி. மது அருந்தி ஓட்டுதல் போன்ற பெருங்குற்றங்களுக்கு இரண்டு புள்ளிகள். தம் தவற்றால் விபத்து நேர்ந்தாலும் ஒரு புள்ளி. வண்டியைத் தவறான இடத்தில் நிறுத்தியதற்கு அபராதம் உண்டு, புள்ளி இல்லை. பன்னிரண்டு மாதங்களில் நான்கு, இருபத்து நான்கு மாதங்களில் ஆறு, முப்பத்தாறு மாதங்களில் எட்டு எனப் புள்ளிகள் சேர்ந்துவிட்டால் அவர் கவனமற்ற ஓட்டுநர் எனக் கருதப்பட்டு, அவரது உரிமத்தையே நிறுத்திவைக்க நடவடிக்கை தொடங்கும்.

இப்பதிவேட்டுக்கும் காப்பீட்டுக்கும் இடையே உள்ள உறவுதான் என்னை வியக்க வைத்தது. 1988ஆம் ஆண்டு நவம்பரில் அம்மாநில மக்கள் நேரடி வாக்கெடுப்பின் வழியே '103ஆம் முன்மொழிவு' என்னும் சட்டத்தை நிறைவேற்றினர். மகிழுந்துக் காப்பீட்டின் கட்டணத்தை முடிவு செய்யும்போது, ஓட்டுநரின் சாலை ஒழுக்கப் பதிவை முதற்கண் நோக்க வேண்டும்; அடுத்து, அவர் ஓராண்டில் எத்தனை மைல் ஓட்டுகிறார் என்பதை நோக்க வேண்டும்; மூன்றாவதாக, எத்தனை ஆண்டு ஓட்டிய அனுபவம் உண்டு என்பதை நோக்க வேண்டும். ஏனைய காரணங்கள் இவற்றுக்குப் பின்னரே வரவேண்டும் என அச்சட்டம் வரிசைப்படுத்தியது. மூன்றாண்டுகளாக உரிமம் பெற்று, அம்மூன்றாண்டுகளில் ஒரு புள்ளிக்கு மேற்படாமலும், பிறருக்குக் காயமோ உயிரிழப்போ நேரும் விபத்துக்குக் காரணமாகாமலும் ஓட்டியவர் 'நல்லோட்டுநர்' ஆவார். அவருக்குக் கட்டணத்தில் குறைந்தது 20 விழுக்காடு சலுகை அளிப்பது நிறுவனத்தின் கடமை. குடித்துவிட்டு ஓட்டித் தண்டனை பெற்றவரோ பத்தாண்டுகளுக்கு அச்சலுகையை இழக்கிறார்.

முதல் தவற்றுக்குத் திருந்தும் வாய்ப்பொன்றும் உண்டு. அபராதத்தை முழுமையாகச் செலுத்திய பின், போக்குவரத்துப் பள்ளி எனப்படும் பாடத்தைப் படித்துத் தேர்வெழுதித் தேறினால், அந்தப் புள்ளி காப்பீட்டு நிறுவனத்தின் கண்ணுக்குத் தெரியாதவாறு மறைக்கப்படும். ஆனால் பதினெட்டு மாதங்களுக்கு ஒருமுறையே இவ்வாய்ப்பு. என் மகன் அதற்கும் கட்டணம் கட்டினான். குழந்தைகள் உறங்கிய பின் கணினியின் முன் அமர்ந்து பாடம் படித்தான். மாணவர்க்குத் தேர்வு வைத்தே வாழ்நாளைக் கழித்த நான், நாற்பது வயதை நெருங்கும் மகன் தேர்வெழுதுவதை அருகிலிருந்து பார்த்தேன். தேறினான். அவனுடைய காப்பீட்டுக் கட்டணம் உயரவில்லை.

நாங்கள் ஊர் திரும்பிய பின், 2018 ஆகஸ்டில் ஒருநாள் தொலைபேசியில் அழைத்தான். 880 எண் நெடுஞ்சாலையில் வேக வரம்பை மீறியதற்காகப் பிடிபட்டானாம். "இந்தத் தடவை பள்ளி கிடையாது அத்தா. பதினெட்டு மாதம் ஆகவில்லை" என்றான். காப்பீட்டைப் புதுப்பிக்கும் நாள் வந்தபோது கட்டணம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கூடியிருந்தது. ஒரே புள்ளி என்பதால் நல்லோட்டுநர் சலுகை போகவில்லை. இன்னொரு புள்ளி விழுந்தால் அதுவும் போய்விடும். அந்த அறிவிப்பின் படத்தைத்தான் எனக்கு அனுப்பினான். அதில் ஒரு வரி: குற்றத்தின் நாள், குற்றத்தின் வகை. அவ்வரி அவன் வண்டியைப் பற்றியதன்று, அவனைப் பற்றியது.

என் பத்திரம் சொல்வது

அப்படத்தைப் பார்த்த பின்பே என்னுடைய பத்திரத்தை எடுத்து முதன்முறையாகக் கவனித்துப் படித்தேன். இலக்கண நூற்பாக்களைப் பதம் பிரித்துப் பொருள் சொன்னவன், ஆண்டுதோறும் பணம் கட்டிவந்த ஒரு பத்திரத்தைப் படித்ததில்லை!

நம் நாட்டில் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், மூன்றாம் நபர் காப்பீடு இன்றிப் பொதுச் சாலையில் வண்டி செல்லலாகாது என்கிறது. நம் வண்டியால் பிறருக்கு நேரும் உயிரிழப்பு, காயம், பொருட்சேதம் ஆகியவற்றுக்கு ஈடுசெய்வது அக்காப்பீடு. அதற்குரிய கட்டணத்தை அரசே அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அறிவிப்பின்படி, 1000 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத எந்திரம் கொண்ட தனியார் மகிழுந்துக்கு ஆண்டுக்கு 2094 ரூபாய். 1500 வரையுள்ளதற்கு 3416 ரூபாய். அதற்கு மேற்பட்டதற்கு 7897 ரூபாய். எந்திரத்தின் அளவு கேட்கப்படுகிறது. ஓட்டுபவரின் ஒழுக்கம் கேட்கப்படுவதில்லை. நாள்தோறும் சிவப்பு விளக்கை மீறுபவரும் ஒருநாளும் மீறாதவரும் ஒரே தொகையைக் கட்டுகின்றனர்.

நம் வண்டிக்கே நேரும் சேதத்துக்குரிய காப்பீடு மற்றொரு பகுதி. இதில் ஒரு சலுகை உண்டு. 'நோ கிளைம் போனஸ்' என்று முகவர்கள் சொல்வதை 'உரிமை கோராமைச் சலுகை' எனத் தமிழாக்கலாம். ஓராண்டு முழுவதும் சேதத்துக்கு ஈடு கேட்காதிருந்தால் 20 விழுக்காடு. தொடர்ந்து கேட்காதிருந்தால் 25, 35, 45 என வளர்ந்து, ஐந்தாண்டுகளில் 50 விழுக்காடு. ஒருமுறை கேட்டுவிட்டால் அனைத்தும் போய், மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இச்சலுகை வண்டிக்குரியதன்று, உரிமையாளருக்குரியது. 2016இல் நான் வண்டியை மாற்றியபோதும் அது என்னைத் தொடர்ந்து வந்தது. என் பத்திரத்தில் 50 விழுக்காடு என்றே அச்சிடப்பட்டிருக்கிறது. ஆண்டுதோறும் முகவர், "சார், உங்கள் ரெக்கார்டு சுத்தம்" என்று பாராட்டிவிட்டுத்தான் காசோலையை வாங்கிச் செல்வார்.

அப்பாராட்டைக் கேட்டு நான் தலையசைத்து வந்தேன். இனிச் சொல்லப்போவதை என் மகனிடம் அன்றி வேறெவரிடமும் இதுவரை சொன்னதில்லை.

எழுதப்படாத ஒன்று

2014ஆம் ஆண்டு. பல்கலைக்கழகத் தேர்வு நடந்துகொண்டிருந்த நாட்களில் ஒருநாள். கண்காணிப்புப் பணிக்கு நேரமாகிவிட்டதென்று விரைந்துகொண்டிருந்தேன். தலைமைத் தபால் நிலையச் சந்திப்பில் மஞ்சள் விளக்கு மறைந்து சிவப்பு எரிந்தது. நான் கண்டேன், கண்டும் நிற்கவில்லை. குறுக்கே மிதிவண்டியில் வந்த முதியவர் ஒருவர் மீது என் வண்டியின் முன்பகுதி இடித்தது. பின்னால் கட்டியிருந்த கீரைக்கட்டுகள் சாலையெங்கும் சிதறின. அவர் விழுந்த வேகத்தில் கையை ஊன்றியதால் மணிக்கட்டு முறிந்துவிட்டது.

அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். செலவு முழுவதையும் ஏற்றேன். மாவுக்கட்டுப் போட்ட கையுடன் அவர், "போலீசெல்லாம் வேண்டாங்கய்யா. நீங்க வாத்தியாரு. உங்க பேரு கெடக்கூடாது" என்றார். அச்சொற்களை நான் வேண்டிக் காத்திருந்தேன் என்பதே உண்மை. அவர் கையில் ஒரு தொகையைக் கொடுத்தேன். அவர் கும்பிட்டு வாங்கிக்கொண்டார். வண்டியின் முன்விளக்கும் காப்புத்தகடும் உடைந்திருந்தன. ஈடு கேட்டால் 50 விழுக்காட்டுச் சலுகை போய்விடும் என்று பட்டறைக்காரர் சொன்னார். கைப்பணத்திலேயே சரிசெய்து கொண்டேன். அவ்வாண்டும் என் பதிவு சுத்தமாகவே இருந்தது.

சட்டத்தை அறிந்த பின்னரே நான் செய்ததன் பொருள் எனக்குப் புரிந்தது. முறையாகக் காவல் நிலையத்தில் தெரிவித்திருந்தால், அந்த முதியவர் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் முறையிட்டிருக்கலாம். மருத்துவச் செலவு மட்டுமின்றி, அவர் உழைக்க இயலாதிருந்த நாட்களின் வருமானம், கையின் நிலையான குறைபாடு, பட்ட வலி ஆகிய யாவற்றுக்கும் தீர்ப்பாயம் தொகை கணக்கிட்டிருக்கும். அதனை என் காப்பீட்டு நிறுவனம் கொடுத்திருக்கும். அதற்காகத்தானே ஆண்டுதோறும் மூன்றாம் நபர் காப்பீட்டுக்குப் பணம் கட்டினேன்! நான் கொடுத்தது தருமம் போலத் தோன்றியது. உண்மையில் அவருக்குச் சட்டப்படி உரியதை அவர் கேளாதவாறு செய்து, அதில் ஒரு சிறு பகுதியைத் தந்து கும்பிடும் பெற்றுக்கொண்டேன். எந்தச் செயலும் எழுதப்படாமற் போவதில்லை என்று குழந்தைப் பருவத்திலேயே கற்பிக்கப்பட்டு வளர்ந்தவன், எழுதப்படாததைக் கண்டு மகிழ்ந்திருந்தேன்.

உரிமை கோராமை வேறு. தவறு செய்யாமை வேறு. என் பத்திரம் முன்னதைக் கண்டு பின்னது எனக் கருதிப் பரிசளித்தது.

நினைவும் மறதியும்

நம் நாட்டில் இதுபற்றி எவரும் எண்ணவில்லை என்று சொல்வதற்கில்லை. 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தங்கள் அபராதங்களைப் பன்மடங்கு உயர்த்தின. மிகு வேகம், அபாயகரமாக ஓட்டுதல், மது அருந்தி ஓட்டுதல், தலைக்கவசம் அணியாமை போன்ற குற்றங்களில் காவலர் உரிமத்தைக் கைப்பற்றி உரிமம் வழங்கும் அலுவலருக்கு அனுப்பலாம். முதல் முறையென்றால் மூன்று மாதம் நிறுத்தம். மறுமுறையென்றால் உரிமமே நீக்கம் என்ற அளவுக்குச் சட்டம் சென்றுள்ளது. 2021 ஆகஸ்டில் வந்த விதி, படக்கருவியால் பதிவான குற்றத்துக்குப் பதினைந்து நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்றது.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அமைத்த பணிக்குழுவும் 2021 சனவரியில் ஒரு வரைவறிக்கையை வெளியிட்டது. காப்பீட்டுக் கட்டணத்தில் வழக்கமான பகுதிகளோடு ஐந்தாவதாக 'போக்குவரத்து விதிமீறல் கட்டணம்' ஒன்றைச் சேர்க்கலாம் என அது பரிந்துரைத்தது. மது அருந்தி ஓட்டுதலுக்கு 100 புள்ளி, தவறான இடத்தில் நிறுத்துதலுக்கு 10 புள்ளி எனக் குற்றத்தின் தன்மைக்கேற்ப அளவும் வகுத்தது. ஓட்டியவர் யாராயினும் கட்டணம் வண்டியின் உரிமையாளரையே சேரும் என்பது அதன் கருத்து. ஒரே வண்டியைத் தந்தையும் இரு மக்களும் மாறிமாறி ஓட்டும் நம் வீடுகளில், இளையவன் மீறியதற்குத் தந்தை கட்ட நேரும். 2022 சூலையில், ஓட்டும் முறைக்கேற்பக் கட்டணம் கணக்கிடும் காப்பீடுகளை விரும்புவோர் பெறவும் ஆணையம் இசைவளித்தது. இவையெல்லாம் நல்ல தொடக்கங்கள். எனினும் என் கையிலுள்ள பத்திரத்தில் அந்த ஐந்தாம் பகுதி இல்லை. என் பெயருக்கெதிரே 2014ஆம் ஆண்டின் வரியும் இல்லை.

பதிவேடு என்றாலே அது தண்டிப்பதற்குரியது என்று நாம் அஞ்சுகிறோம். என் மகனின் கதை எனக்கு வேறொன்றைக் கற்பித்தது. 2021ஆம் ஆண்டின் இறுதியில் அவன் அழைத்து, "அத்தா, புள்ளி போய்விட்டது. கட்டணமும் இறங்கிவிட்டது" என்றான். அவன் குரலில் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவைச் சொன்ன நாளின் மகிழ்ச்சி இருந்தது. அவன் தவறு எழுதப்பட்டது; அதற்குரிய விலையை மூன்றாண்டுகள் தவணை தவறாமல் கட்டினான்; அதன்பின் அது கணக்கிலிருந்து நீங்கியது. எழுதப்பட்டதனால் அவனுக்கு விடுதலையும் கிடைத்தது. என் தவறு எங்கும் எழுதப்படவில்லை. ஆகவே அது கழிவதற்கும் ஒரு நாள் குறிக்கப்படவில்லை.

2018இல் ஊர் திரும்பிய பின் அந்த முதியவரைத் தேடிக் காந்தி மார்க்கெட்டுக்குச் சென்றேன். அங்கே கீரை விற்கும் பெண்கள் அவரை நினைவு வைத்திருந்தனர். கை சரியாகக் கூடாததால் மிதிவண்டி ஓட்ட முடியாமற் போனதென்றும், தொழிலை விட்டு மகள் வீட்டோடு எங்கோ போய்விட்டார் என்றும் கூறினர். ஊர்ப்பெயர் அவர்களுக்குத் தெரியவில்லை.

மாணவர்களுக்கு

இக்கல்லூரி வாயிலில் காலையில் வந்து நிற்கும் இருசக்கர வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். மூவர் ஏறிவருவதும், தலைக்கவசம் கைப்பிடியில் தொங்குவதும் புதியன அல்ல. 2022ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நேர்ந்தன; 17,884 பேர் உயிரிழந்தனர். உரிமம் இன்றி நீங்கள் ஓட்டி விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு, அத்தொகையை வண்டியின் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள வழி உண்டென்று உச்ச நீதிமன்றம் 2004ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் தெளிவாக்கியுள்ளது. அந்த உரிமையாளர் பெரும்பாலும் உங்கள் தந்தையாராகவே இருப்பார். பதினெட்டு வயது நிரம்பாதவன் ஓட்டிக் குற்றமிழைத்தால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் பெற்றோரையோ உரிமையாளரையோ சேரும்.

சிவப்பு விளக்கில் நில்லுங்கள். எவரும் குறுக்கே வராவிட்டாலும் நில்லுங்கள். ஒருநாள் நிற்கத் தவறி எவரையேனும் வீழ்த்திவிட்டால், வீழ்ந்தவர் 'வேண்டாம்' என்று சொன்னாலும், காவல் நிலையத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் நீங்களே சென்று சொல்லுங்கள். உங்கள் பத்திரத்தில் ஒரு கறை விழலாம், சலுகை குறையலாம், வழக்கும் வரலாம். வீழ்ந்தவருக்கு அவருக்குரியது கிடைக்கும்.

சென்ற முறை பத்திரத்தைப் புதுப்பிக்க வந்த முகவர் வழக்கம்போல், "சார், உங்கள் ரெக்கார்டு சுத்தம்" என்றார். இம்முறை நான் தலையசைக்கவில்லை. "இல்லை, தம்பி. உட்காருங்கள், சொல்கிறேன்" என்று சொல்லி, இங்கே எழுதியதை அவரிடம் முழுவதும் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "அதை எழுத இதில் இடம் இல்லையே சார்" என்றார். ஆகவேதான் இம்மலரில் எழுதினேன்.